பாஸ்போர்ட்டின் மேல் ஒரு லேப்டாப்

என் லேப்டாப்புக்கு அடியில் ஒரு பழைய பாஸ்போர்ட் இருக்கிறது. பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நின்றால்தான் சூடு வெளியே போகும் என்று அதை முதலில் அங்கே வைத்தவர் என் முன்னாள் முதலாளி. பாஸ்போர்ட்டும் அவருடையதுதான். நீடாமங்கலத்தில் எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் பாய். துபாயில் பதினோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, உரக்கடை மாடியில் ஒரு பட்டறை போட்டு, பம்ப்செட் மோட்டாரைக் காவல் காக்கும் பெட்டி செய்யக் கிளம்பியவர். கரண்ட் வரும் மூன்று பேஸில் ஒன்று போனாலும் மோட்டார் புகைந்துவிடும். அதற்கு முன்பே அந்தப் பெட்டி நிறுத்திவிட வேண்டும். பெட்டிக்குள் ஒரு சின்ன சிப். அதற்குப் புரோகிராம் செய்ய வந்தவள் நான். அம்மா நடவுக்குப் போய்ப் படிக்கவைத்த மகள், எங்கள் தெருவின் முதல் இன்ஜினியர், அந்தத் திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று அறிய அன்றைக்கு எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி ஒரு சிவப்பு விளக்கு. ஒரு தரம் சிமிட்டினால் இது, இரண்டு தரம் சிமிட்டினால் அது என்று நாங்களே வகுத்துக்கொண்டு அதன் முகத்தையே பார்த்துக் கிடப்போம். அப்போதுதான் பெங்களூரிலிருந்து கூரியரில் நாங்கள் புரோகிராம் எழுதும் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். திரையில் கட்டங்களை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்தால் போதும், அந்தப் படமே புரோகிராமாகி சிப்புக்குள் இறங்கிவிடும். அதைவிட அதிசயம், சிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தக் கோட்டில் என்ன அளவு போகிறது என்று பார்க்கலாம். அதை அலையாக வரையவிட்டு, நடந்துமுடிந்ததையும் திருப்பிப் பார்க்கலாம். முதல் தடவை அந்த அலை திரையில் ஓடியபோது நான் போட்ட கத்தலில் கீழே உரக்கடைக்காரர் மாடிக்கே ஓடிவந்துவிட்டார். பாய் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். “ஏம்மா, இத்தன நாளா கண்ணக் கட்டிக்கிட்டா வேல பாத்தோம்?” என்றார்.

ஆனால் பெட்டி எங்களைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு வயலில் சோதனைக்கு மாட்டியிருந்தோம். நாங்கள் போகும்போதெல்லாம் சமர்த்தாக ஓடும். நாங்கள் பஸ் ஏறியதும் மோட்டாரை நிறுத்திவிடும். ஆற்றில் தண்ணீர் வராத குறுவை அது. நட்ட பயிர் வெடித்த மண்ணில் மஞ்சளடித்து நின்றது. பாய்க்குத் துபாயில் பழைய வேலை காத்திருந்தது. மச்சான் விசா எடுத்து அனுப்பியிருந்தார், வெள்ளிக்கிழமை விமானம். “அதுக்குள்ள பெட்டி ஓடுச்சுன்னா இங்க இருக்கேன். ஓடலன்னா பட்டறைய மூடிட்டுப் போயிடுறேன். நீ மெட்ராஸ்ல வேல பாத்துக்க” என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையாக வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனோம். பெட்டியையும் லேப்டாப்பையும் இணைக்கும் கேபிள் நீளம் குறைவு என்பதால் மோட்டார் ஷெட்டை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியின் கட்டைச் சுவர்தான் மேசை. பாய் வழக்கம்போல் பையிலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து லேப்டாப்புக்கு முட்டுக் கொடுத்தார். மூன்று பேஸும் மூன்று அலைகளாக ஒழுங்காக ஓடின. ஒரு குறையும் இல்லை. அலையை ஓடவிட்டுவிட்டு, ரோட்டுக் கடையில் டீ குடித்துத் திரும்பினோம். மோட்டார் நின்றிருந்தது. “பாத்தீங்களா, உங்க பொட்டி மறுபடியும் நிறுத்திப்புட்டு” என்றார் நிலத்துக்காரர். திரையில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். நாங்கள் இல்லாத நேரத்தில் மூன்றாவது அலை முதலில் செத்து விழுந்திருந்தது; பிறகு பாதி உயரத்துக்கு எழுந்து நடுங்கியிருந்தது. போன பேஸ் தானாக அப்படி அரைகுறையாக உயிர் பெற்று வராது. ஆனால் எங்கள் ஊரில் அதைத் தினமும் வரவழைப்பார்கள்! ஷெட்டுக்குள் ஓடி மூலையிலிருந்த உரச் சாக்கைத் தூக்கினேன். அடியில் இரண்டு கன்டென்சர்.

இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில், இல்லாத மூன்றாவதுக்குப் பதிலாகக் கன்டென்சரைச் சேர்த்து மோட்டாரை ஓட்டுவது எங்கள் பக்கத்துச் சாமர்த்தியம். என் சித்தப்பாவே செய்வார். நாங்கள் வந்து நின்று பார்த்ததெல்லாம் மூன்று பேஸும் வரும் காலை நேரத்தில். நிலத்துக்காரர் நெளிந்தார். “மறைக்கணும்னு இல்லீங்க. ஈபிக்காரங்க காதுக்குப் போயிடுமோன்னுதான், நீங்க வந்தா சாக்கப் போட்டு மூடிடுவேன்.” எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நேர்மையான எங்கள் பெட்டி, பேஸ் சரியில்லை என்று நியாயமாகத்தான் நிறுத்தியிருக்கிறது. நான் அவரிடம் கன்டென்சரைக் கழற்றச் சொல்லப் போனேன். பாய் தடுத்தார். “இங்க எல்லாரும் இப்படித்தான் ஓட்டுவாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி நாமதான் பொட்டி செய்யணும்.”

அங்கேயே, அந்தச் சுவரின் முன் நின்றபடி, படத்தில் புதிதாக ஒரு கிளை இழுத்தேன். மூன்று பேஸ் இருந்தால் பழைய வழி. இரண்டுதான் என்றால் இந்த வழி, மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் மட்டும் நிறுத்து. நாலு கட்டம், ஐந்து கோடு. பழைய முறையில் ஒரு வாரம் ஆகியிருக்கும். சிப்புக்குள் இறக்கினேன். மோட்டார் உறுமியது. மூன்றாவது அலை நடுங்கிக்கொண்டே ஓடியது, நிற்கவில்லை. கால் மணி நேரம், அரை மணி நேரம், நிற்கவேயில்லை!

அந்தக் குஷியில், தொட்டி நிரம்பிக்கொண்டிருப்பதை மூவரும் மறந்துபோனோம். சுவரைத் தாண்டித் தண்ணீர் வழிந்து வந்தது. “மெஷினத் தூக்கு, மெஷினத் தூக்கு!” என்று பாய் அலறினார். இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டேன். பாஸ்போர்ட் சுவரிலேயே கிடந்தது. அவர் குனிந்து எடுத்திருக்கலாம். தண்ணீர் அதன்மேல் ஏறி ஓடியதை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த திரைக்குத் திரும்பி, “ஓடுதும்மா, இன்னும் ஓடுது” என்றார்.

பட்டறை இப்போது தஞ்சாவூரில், என் பொறுப்பில். அந்த வெள்ளிக்கிழமை விமானம் ஏறாத பாய், நீடாமங்கலத்திலேயே ஓய்வாக இருக்கிறார். போன வாரம் இன்னொரு புதுப் பதிப்பு வந்தது. கேபிளே வேண்டாம், திருவிடைமருதூரில் ஓடும் மோட்டாரின் அலையை என் மேசையிலிருந்தே பார்க்கிறேன். பார்த்ததும் அதே பழைய கத்தல் கத்திவிட்டு, பாய்க்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “லேப்டாப் சூடாவுதா?” என்றார்.

“இல்ல பாய். உங்க பாஸ்போர்ட் நனைஞ்சு உப்பினதுல, இப்பதான் உசரம் சரியா இருக்கு.”