கண்ணுசாமி முறுக்காத போல்ட்டு

எங்க வீட்டுக்காரரு கண்ணுசாமியப் பத்தி ஊருல யாரைக் கேட்டாலும் நல்ல மனுசன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். அவரோட இருபத்தி நாலு வருசம் குடும்பம் நடத்துறவ நான், என்னைக் கேளுங்க. ஒரு வேலைய உடனே செய்யமாட்டாரு. கேட்டா பதில் வராது. காருல ஒரு சாமான் செத்துத் தொங்குனாத்தான் மாத்துவாரு. அதுவரைக்கும் கம்பியக் கட்டுவாரு, வெல்டிங் வைப்பாரு, சைக்கிள் டியூப வெட்டிச் சுத்துவாரு. நான் கத்துவேன். அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிடுவாரு.

எங்க ஊரு நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, ஆத்தங்கரையில. மாமனாரு பண்ணையில ஆளா இருந்தவரு. இவரு பதினாறு வயசுல பவர் டில்லர் ஓட்டப் பழகி, அப்புறம் டிராக்டர், அறுப்பு மெஷின்னு ஓட்டி, கடைசியில ஒரு பழைய சின்னக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பிச்சாரு. அது இதுவரைக்கும் மூணு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. கஜா புயல் அடிச்ச மறுநாள், ரோட்டுல கிடந்த மரத்தையெல்லாம் வெட்டி நகர்த்தி, திருத்துறைப்பூண்டியிலேருந்து ஒரு பச்சப்புள்ளையையும் அதைப் பெத்தவளையும் கொண்டாந்து சேத்ததும் அந்தக் காருதான். அதையெல்லாம் நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எனக்குக் கோவம் வரும், அவ்வளவுதான்.

இந்தப் பங்குனியில காரு முன்பக்கம் கடகடன்னு ஒரு சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. கிராங்க் புல்லின்னாரு. இஞ்சின் சுத்துறப்ப கூடவே சுத்தி பெல்ட்டை இழுக்குற சக்கரம் அது. அந்த பெல்ட்டுதான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துது, இஞ்சின் சூடாகாம தண்ணிய ஓட வைக்குது. புல்லிக்கு நடுவுல ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே பிஞ்சு போச்சு. நம்ம ஆளு புதுசு வாங்குனாரா? லேத் பட்டறையில குடுத்து நாலு இடத்துல வெல்டிங் வச்சு மாட்டிக்கிட்டாரு. இப்ப அந்த வெல்டிங்கும் விட்டுப்போயி, புல்லி குடிகாரன் நடக்குற மாதிரி ஆடிக்கிட்டு சுத்துது.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடும் வேம்பு"ன்னாரு.

"ஞாயித்துக்கிழமை என்ன நாளுன்னு தெரியுமா உங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

அவருக்கும் தெரியும். எங்க ஒரே பொண்ணு எழில்மொழிக்கு அன்னைக்கு அரசு வேலைப் பரீட்சை. தஞ்சாவூர்ல ஒரு காலேஜுல. இது மூணாவது தடவை. போன தடவை ரெண்டே மார்க்குல போச்சு, பொண்ணு பதினஞ்சு நாள் சரியா சோறு திங்கல. காலையில ஒம்பது மணிக்கு காலேஜு கேட்டைச் சாத்திடுவாங்க. ஒரு நிமிசம் தாண்டினாலும் உள்ள விடமாட்டாங்க. எங்க ஊருலேருந்து ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துக்குத் தோதா பஸ் கிடையாது. இந்தக் காரை நம்பித்தான் போகணும். நான் ஆடுன ஆட்டத்துல வெள்ளிக்கிழமையே தஞ்சாவூர் போயி புதுப் புல்லி வாங்கிட்டு வந்தாரு.

சனிக்கிழமை காலையில வாசல்லயே வேலைய ஆரம்பிச்சாரு. ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் சக்கரத்தைக் கழட்டி, உள்ள இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தா, அது தொட்டதுமே ரெண்டா உடைஞ்சு வந்துச்சு. "கிளிப்பும் போச்சு. திங்கக்கிழமை வேற வாங்கி மாட்டிக்கலாம்"னு சுவத்தோரமா வச்சாரு. பெல்ட்டைக் கழட்டியாச்சு. புல்லி நடுவுல இருக்குற பெரிய போல்ட்டுதான் அசைய மாட்டேன்னுச்சு. அதைத் திருப்புனா இஞ்சினும் சேந்து திரும்புது. என்னைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டுல உக்கார வச்சு, டாப் கியரைப் போட்டுட்டு, "பிரேக்கை மிதிச்சுக்க, நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத"ன்னாரு. ரெண்டு காலாலயும் மிதிச்சேன். ஸ்பானர்ல நாலடி பைப்பைச் சொருகி அவரு தொங்குறாரு. காரே குலுங்குது. பைப்பு நழுவுச்சுன்னா மூஞ்சி போயிடும். எனக்குக் காலு மரத்துப் போச்சு. நாலாவது தடவை டக்குன்னு ஒரு சத்தம். போல்ட்டு விட்டுக்குடுத்துச்சு.

புதுப் புல்லிய மாட்டி, அதே மாதிரி என்னை மிதிக்கச் சொல்லி, அந்த போல்ட்டை மூணு தடவை முறுக்கிப் பாத்தாரு. ஸ்டார்ட் பண்ணதும் இஞ்சின் சத்தம் தேனா இருந்துச்சு. அவரே சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், பொய் சொல்லக்கூடாது.

அன்னைக்கு சாயங்காலம்தான் நான் அந்தக் காரியத்தைப் பண்ணேன். மூணு மா நிலத்துல, ஒரு ஏக்கரு வரும், நான் போட்டிருந்த உளுந்தைப் பறிச்சுக் காயவச்சு, எல்லாரையும் போல நானும் தார் ரோட்டுல பரப்பியிருந்தேன். போற வர்ற வண்டி ஏறி ஏறி நெத்து உடைஞ்சு உளுந்து கொட்டும், அப்புறம் கொடிய உதறி எடுத்தாப் போதும். எங்க பக்கம் அப்படித்தான். அன்னைக்குப் பாத்து ரோட்டுல வண்டியே இல்ல. மேக்கால கருகருன்னு மேகம் கூடுது. நனைஞ்சா அவ்வளவும் முளைச்சுப் போயிடும்.

"ஏங்க, நம்ம காரை எடுத்து மேல ஒரு எட்டு தரம் ஓட்டி விடுங்க."

"அடியில கவர் இல்ல வேம்பு. கொடி உள்ள ஏறிச் சுத்திக்கும்."

"மத்த நாள்ல ஊரு வண்டியெல்லாம் ஏறிப் போவுதுல்ல, உங்க வண்டி மட்டும் என்ன திருவாரூர்த் தேரா?"

வேணாம்னு இன்னொரு தரம் சொன்னாரு. நான் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். அவரு சாவிய எடுத்துக்கிட்டு வந்து, முன்னயும் பின்னயுமா எட்டுத் தரம் ஓட்டுனாரு. உளுந்து நல்லா கொட்டுச்சு. மழையும் வரல.

மறுநாள் ஏழே கால் மணிக்குக் கிளம்பினோம். எழில்மொழி முன் சீட்டுல, மடியில ஹால் டிக்கெட். நான் பின்னாடி. நீடாமங்கலம் வர்றப்ப ரப்பர் கருகுற வாடை அடிச்சுது. டப்புன்னு ஒரு சத்தம். ஸ்டியரிங்குக்கு எதுக்கால பேட்டரி படம் போட்ட செவப்பு விளக்கு எரிஞ்சுது. ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. எங்களுக்கு முன்னாடி பஸ்ஸும் லாரியுமா நிக்குது. அவரு ஓரமா ஒதுக்கி இஞ்சினை நிறுத்திட்டாரு.

"பெல்ட்டு கழண்டுக்கிச்சு"ன்னாரு.

மணி ஏழு நாப்பது. தஞ்சாவூருக்கு இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். எழில்மொழி இறங்கி ஓடி, முன்னாடி நின்ன பஸ் கண்டக்டரைக் கேட்டுட்டு வந்தா. கேட் எப்பத் திறந்தாலும் அது நின்னு நின்னு போயிச் சேர ஒம்பதே கால் ஆகுமாம். அவ மூஞ்சியில ரத்தமே இல்ல.  வந்த ஆத்திரத்துல அத்தனை பேரு முன்னாடியும் கத்துனேன்.

"யோவ், புதுசு மாட்டியுமா இந்த லட்சணம்? நீ கை வச்சது எதுய்யா உருப்பட்டிருக்கு? பெத்த புள்ள வாழ்க்கையையும் வெல்டிங் வச்சு ஓட்டலாம்னு பாத்தியா?"

அவரு ஸ்டியரிங்கைத் திருப்பி வச்சுட்டு, துவைச்சுப் போட்ட வெள்ளைச் சட்டையோட ரோட்டுல படுத்து, சக்கரத்துக்குப் பின்னாடி கைய விட்டாரு. விட்டுட்டேனா? இன்னும் திட்டுறதுக்காகப் பக்கத்துல போயிக் குந்துனேன். அப்பத்தான் பாத்தேன். அவரு கையில கயிறு திரிச்ச மாதிரி முறுக்கிக்கிட்டு வருது உளுந்துக் கொடி. இழுக்க இழுக்க வருது. புல்லியச் சுத்தி ஏறி, பெல்ட்டுக்கு அடியில புகுந்து, அதை நெம்பித் தள்ளியிருக்கு.  அவரு என்னைப் பாத்தாரு. கொடிய அப்படியே சுருட்டி வண்டிக்கு அடியில தள்ளிட்டாரு.

"என்னப்பா ஆச்சு?"ன்னு எழில்மொழி மேலேருந்து கேட்டா.

"நான்தாம்மா போல்ட்டைச் சரியா முறுக்கல"ன்னாரு.

மூணு தடவை முறுக்குன போல்ட்டு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருந்தவ நான். வாயைத் திறந்து உண்மையச் சொல்லியிருக்கணும், சொல்லல. அத்தனை நேரம் கத்துன வாய் அப்ப ஒட்டிக்கிச்சு.

எங்களுக்குப் பின்னாடி தர்பூசணி ஏத்துன மினி லாரி நின்னுச்சு. அதை ஓட்டிக்கிட்டு வந்தவரு, சேக் தாவூதுன்னு பேரு, தானா இறங்கி வந்தாரு. "சொல்லுங்க, என்ன பண்ணணும்?"னாரு. பெல்ட்டு ஒரு ஓரம் நாரு நாராக் கிழிஞ்சு தொங்குச்சு. அவரு கத்தியக் குடுக்க, இவரு அந்த நாரையெல்லாம் அறுத்து எடுத்தாரு. பழுக்கக் காஞ்ச இஞ்சின் சந்துல கைய விட்டு பெல்ட்டை ஏத்துறாரு, அது வழுக்கி வழுக்கி விழுது. அப்பப் பாத்து ரயிலு போயி, கேட் திறந்துடுச்சு. பின்னாடி இருந்தவனெல்லாம் ஹார்னை அழுத்துறான். "அட இருங்கய்யா, பரீட்சைக்குப் போற புள்ள!"ன்னு சேக் தாவூது கத்திக்கிட்டே இரும்புக் கம்பியால நெம்பிப் பிடிக்க, இவரு பெல்ட்டை விறைப்பாக்குற போல்ட்டை முறுக்கி இறுக்குனாரு. ஸ்டார்ட் ஆச்சு. செவப்பு விளக்கு அணைஞ்சுது. மணி எட்டு ஏழு.

"தாங்குமாப்பா?"

"தாங்கும்மா"ன்னாரு. ஆனா அவரு கண்ணு ரோட்டைப் பாதி, சூடு காட்டுற முள்ளைப் பாதிதான் பாத்துச்சு. அம்மாபேட்டை தாண்டுச்சு. சாலியமங்கலத்துல முள்ளு கொஞ்சம் மேல ஏறுச்சு, அப்புறம் நின்னுச்சு.  கிழிஞ்ச பெல்ட்டு போடுற கீச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே வந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச சாமிய எல்லாம் கூப்பிட்டேன்.

எட்டு அம்பத்தேழுக்கு காலேஜு வாசல். எழில்மொழி இறங்கி, கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி அவங்கப்பாவப் பாத்து, "ஒரு போல்ட்டைக்கூட ஒழுங்கா முறுக்க முடியாதாப்பா உங்களால?"ன்னு கேட்டா. கேட்டுட்டு ஓடிட்டா. இவரு கிரீஸ் அப்புன கையத் தூக்கி ஆட்டுனாரு. அவ திரும்பிப் பாக்கல. கேட்டைச் சாத்திட்டாங்க.

எதுக்கால புங்க மரத்தடியில உக்காந்தோம். என்னால தாங்க முடியல.

"ஏன் பொய் சொன்னீங்க?"

கையில அப்புன கிரீஸைத் துண்டுல துடைச்சாரு. அப்புறம் சொன்னாரு. "என் மேல கோவப்பட்டு அவளுக்குப் பழக்கம் வேம்பு. உன் மேல கோவப்பட்டா அவளுக்குப் பரீட்சை எழுத வராது."

நான் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதேன். இப்படி ஒரு ஆளை இத்தனை வருசமா என்ன பேச்செல்லாம் பேசியிருக்கேன்.

பன்னெண்டரை மணிக்குப் புள்ளைங்க வெளிய வந்துச்சுங்க. எழில்மொழி கடைசியா வந்தா. கண்ணு வீங்கியிருந்துச்சு. இவரு எழுந்து ரெண்டடி முன்னாடி போனாரு.

"முதல் அரை மணி நேரம் கேள்வியே மண்டையில ஏறல. பதினேழு கேள்விய விட்டுட்டேன்"னா. அப்புறம் அவங்கப்பாவ நேராப் பாத்து, "உங்களாலதாம்ப்பா"ன்னா.

அவரு தலையக் குனிஞ்சு, "ஆமாம்மா"ன்னாரு.

"இல்லடி"ன்னேன். சுத்தி நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு மெதுவாப் பேச வராது. "உங்கப்பா மாட்டுன புல்லியில ஒரு குறையும் இல்ல. நேத்து உளுந்து மேல காரை ஓட்டச் சொன்னது நான். வேணாம்னாரு, நான்தான் கேக்கல. கொடி சுத்தி பெல்ட்டு கழண்டுச்சு. அதைப் பாத்துட்டும் நான் வாயைப் பொத்திக்கிட்டு வந்தேன். குத்தம் என்னுது."

எழில்மொழி என்னைப் பாத்தா. அப்புறம் அவங்கப்பாவோட அழுக்குச் சட்டையப் பாத்தா.  அவ கத்துவான்னு நான் நின்னேன். அவங்கப்பா மாதிரியே ஒரு வார்த்தை பேசாம போயிக் காருல ஏறுனா. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு எனக்கு.