முதல் கணு வரை

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஓர் இரும்பு உருண்டையின் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார் எங்கள் தெரு மெக்கானிக். பின்சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் அந்த இரும்பு உருண்டைதான் டிஃபரென்ஷியல். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் குளித்துக்கொண்டே சுற்ற வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டுத் துளையில் எண்ணெய் வழியும் வரை ஊற்றி, வழிவது நின்றதும் போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. கண் இருக்கிற எவரும் செய்யலாம். அதுதான் இவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"வழியிற வரைக்கும் ஊத்துறதுக்கு மெக்கானிக் எதுக்குங்க? தண்ணித் தொட்டி ரொப்புறவன் போதுமே" என்பார். இவருடைய அளவுகோல் விரல். நுழைத்து நுனியைக் கீழே மடக்குவார். முதல் கணு நனைந்தால் கணக்கு சரி. பிறகு விரலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். நாம் பக்தியோடு பார்க்க வேண்டும். பார்க்காமல் போனைத் தடவிக்கொண்டிருந்த ஒருவருடைய கார் மூன்று நாள் ஷெட்டிலேயே கிடந்தது.

வீட்டிலும் அந்த விரலுக்குத் தனி மரியாதை. சாப்பிடும்போது தட்டில் படாமல் தூக்கியே நிற்கும். பாத்திரத்தை இறக்கச் சொன்னால், "விரலுக்கு ஆகாது" என்று விலகிக்கொள்வார். "ஒரு தலகாணி தச்சுத் தரட்டுமா, அது தூங்கட்டும்" என்று கேட்டாராம் மனைவி. அவர் யோசித்துப் பார்த்ததாகவும் கேள்வி.

இரண்டு வருடம் முன்பு ஒரு லாரியின் கதவு அதே விரலை நசுக்கியது. டாக்டரிடம் போகவில்லை. ஒரு ஸ்பேனரை வைத்து அவரே கட்டுப் போட்டுக்கொண்டார். ஸ்பேனர் நேராகத்தான் இருந்தது, விரல்தான் சம்மதிக்கவில்லை. பாதியிலிருந்தே கீழே வளைந்து கூடிவிட்டது. அன்றிலிருந்து நுனி ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், எண்ணெய் துளையை எட்டுவதற்கு வெகு முன்பே கணு நனைந்துவிடுகிறது. வண்டிகள் அரைத் தாகத்தோடு வெளியேறுகின்றன. என் காரும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இப்போது நடந்து போகிறேன், அதனால் அவரைக் கவனிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

சத்தம் வருகிறது என்று போனால் டயர் தேய்மானம் என்பார், ரோடு மோசம் என்பார், கடைசியில் நம் காதைச் சந்தேகப்படுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு ஊரே கோணல், விரல் மட்டும் நேர்.

இவருடைய தங்கை சொந்தமாக வேன் ஓட்டுகிறார். தினமும் காலை ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கணவர் இல்லை; இரண்டு பிள்ளைகளும் அந்த வேனை நம்பித்தான் இருக்கிறார்கள்.

"அண்ணே, பின்னாடி ஊளையிடுது."

"உனக்குச் சின்ன வயசுலேருந்தே காது சரியில்ல."

"என் காத விடு. நான் தெருமுனை திரும்புறப்பவே ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கேட்டத் திறந்து வச்சிட்டு நிக்கிறான். பேசாம வழியிற வரைக்கும் ஊத்திடேன்."

"எனக்கே பாடமா?" என்று விரலை விட்டார், எடுத்தார், காட்டினார். "பாத்துக்க. முதல் கணு. எண்ணி வச்ச மாதிரி இருக்கு."

அண்ணன் சொல்கிறாரே என்று தங்கையும் போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி மேட்டில் வேன் 'படார்' என்று நின்றது. ரொட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுமந்து ஒன்பது நடை ஏறியிருக்கிறார் அந்த அம்மாள். நாளைக்கும் தாமதமானால் வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேனை ஷெட்டுக்கு இழுத்து வந்து டிஃபரென்ஷியலைத் திறந்தபோது நானும் இருந்தேன். அடியில் ஒரு டம்ளர் எண்ணெய், தார் மாதிரி. சூட்டில் நீலம் பாரித்த பல்சக்கரத்தில் பாதிப் பற்களைக் காணோம். எனக்குக் கோபம் பொங்கியது. இத்தனை நாள் இதை வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என் மேலும்தான்.

பழைய வண்டி ஒன்றிலிருந்து பல்சக்கரங்களைக் கழற்றி, பகல் முழுக்க உட்கார்ந்து மாட்டினார் அண்ணன். எண்ணெய் ஊற்றும் நேரம் வந்ததும் தங்கை கேனைப் பிடுங்கிக்கொண்டார்.

"தள்ளு. நாளைக்கு ஆறு மணிக்கு நான் அங்க நிக்கணும்."

அவரே வண்டிக்கு அடியில் நுழைந்து ஊற்றினார். எண்ணெய் துளையின் விளிம்பில் வழிந்து, மெலிந்து, சொட்டாகி நின்றது. போல்ட்டை எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் பக்கத்தில் ஊர்ந்து வந்த அண்ணனின் விரல் துளைக்குள் இருந்தது.

"விரல எடுண்ணே. மூடணும்."

எடுத்தார். எண்ணெய் இரண்டாம் கணுவையும் தாண்டிப் பளபளத்தது. தங்கை போல்ட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்து, வேனைக் கிளப்பிக்கொண்டு போனார். ஊளை இல்லை. வேன் போன இடத்தில் தரையில் மல்லாந்தபடியே கிடந்த மெக்கானிக், இடது கையால் அந்த விரலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்திக்கொண்டிருந்தார்.