பெரியவர்களின் அளவு

2006இல் என் மகளுக்கு மூன்று வயது. காய்ச்சல் விடவேயில்லை என்று கடலூரில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். ரிசல்ட்டில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுவுக்கு எதிரே தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று அச்சடித்திருந்தது.

எங்கள் பக்கம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரிசல்ட்டை டாக்டர் பார்ப்பதற்கு முன் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தாக வேண்டும். கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பி அதை வாங்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனான். திரும்பி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“மாமா, ரத்தப் புத்துநோய்க்கும் இது ஏறுமாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

நான் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் நெல்லிக்குப்பம் வரை தெரிந்துவிட்டது. ஆப்பிளும் பிஸ்கட்டுமாக வந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அது பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அவர்களை வேடிக்கை பார்த்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் வைத்திருந்த காதுகுத்தையும் நிறுத்திவிட்டார்கள். ரத்தக் கோளாறு உள்ள பிள்ளைக்குக் குத்தக் கூடாதாம். குணமானதும் அங்கேயே வந்து குத்துவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் சிதம்பரத்தில் குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் கழுத்தையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார், ரிசல்ட்டைப் பார்த்தார்.

“சின்னப் புள்ளைங்களுக்கு இந்த அணு ஜாஸ்தியாத்தான் இருக்கும். இதுல போட்டிருக்கறது பெரியவங்க அளவு. நாலஞ்சு வயசுக்கு மேல தானா கொறையும். இது வைரஸ் ஜொரம், பயப்படாம போங்க.”

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. வீட்டுக்கு விடவில்லை.

லேபில் போய்க் கத்தினேன். எல்லா வயதுக்கும் ஒரே அளவைத்தான் அச்சடிப்போம், டாக்டருக்குத் தெரியும் என்றார் ஓனர். அப்புறம் என்ன எழவுக்கு எங்கள் கையில் கொடுக்கிறீர்கள் என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டாக்டர் சொன்னதை நான் வாய் வலிக்கச் சொல்லியும் யாரும் நம்பவில்லை. மனசு நோகக் கூடாது என்று மறைக்கிறார் என்றார்கள். மழையில் விடமாட்டார்கள். கடற்கரைக்குப் போனால் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். ஓட விடாதீர்கள் என்று ஸ்கூல் டீச்சரிடம் என் மனைவியே சொல்லிவைத்தாள். கல் மாதிரி இருந்த பிள்ளை உட்கார்ந்தே வளர்ந்தது.

ஏழு வயதில் மறுபடி ஒரு காய்ச்சல், அதே லேப். இந்த முறை தடித்த எழுத்து இல்லை. வயதோடு குறைந்திருந்தது, அவ்வளவுதான். மச்சான் ரிசல்ட்டோடு ஓடி வந்தான்.

“மாமா, கொறைஞ்சிடுச்சு. அக்கா வேண்டுதல் வீண்போகல.”

“அது நோவே இல்லடா.”

“நீங்க எப்பவுமே இப்டித்தான் மாமா.”

ஸ்ரீமுஷ்ணத்தில் அவன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். மூன்று வயதில் ஒரு வாழைப்பழத்தோடு முடிந்திருக்கும். ஏழு வயதில் இரண்டு பேர் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. அழுது முடித்து என்னிடம் வந்து, இனிமேல் ஓடலாமா என்று கேட்டாள். ஓடு என்றேன். கொஞ்ச தூரம் ஓடி நின்று, அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.