வராத இரண்டு பயணிகள்

விமானக் கம்பெனியில் வேலை பார்ப்பவனின் மனைவி என்றால் ஊர் என்ன நினைக்கும்? காலையில் மெட்ராஸில் காபி, மத்தியானம் பம்பாயில் சாப்பாடு என்று நினைக்கும். என் மனைவியோ கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் விமானத்துக்குள் கால் வைத்ததில்லை. ஏணிப்படி வரைகூடப் போனதில்லை. அவள் போனதெல்லாம் பெஞ்சு வரைக்கும்தான்.

அந்தப் பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போய்வர இலவச பாஸ் தருவார்கள். பாஸில் ஒரு கொக்கி உண்டு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் வந்து முடித்து, கவுண்டர் மூடும் நேரத்தில் சீட் மிச்சம் இருந்தால்தான் பாஸ்காரர்களுக்கு. அதுவரை கவுண்டருக்கு எதிரே மின்விசிறிக்கு அடியில் கிடக்கும் மரப் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது மதுரையிலிருந்து மெட்ராஸுக்கு ஒரே ஒரு விமானம். அதுவும் றெக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம். அதில் சீட் மிச்சமாவது, வைகாசி முகூர்த்தத்தில் கல்யாண மண்டபம் காலியாகக் கிடைப்பது மாதிரி.

முதல் தடவை போனபோது எங்களுக்கு விவரம் போதவில்லை. கோச்சடையில் எங்கள் தெரு முழுக்க என் மனைவி சொல்லிவிட்டாள். வாடகைக் கார் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, குங்குமம் இட்டு அனுப்பி வைத்தார்கள். விமானம் போனது. நாங்கள் கம்பெனி வண்டியிலேயே பெட்டியோடு திரும்பினோம். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, பிளேனு ரோட்டு மேலயே ஓடிட்டு வந்துருச்சா?"

தெருவே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவைதான் நெஞ்சில் தங்கிவிட்டது. மெட்ராஸில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் அவள் மட்டும் விமானத்தில் போவது, நான் டியூட்டி முடிந்து இரவு ரயிலில் போவது என்று ஏற்பாடு. கவுண்டரில் நான்தான் இருந்தேன். கடைசி வரை ஒரு சீட் மிச்சம். அவளைப் பார்த்து எழுந்து வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவள் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் டிக்கெட். கவுண்டர் மூட இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. அவருக்குரிய சீட்டை அவருக்குக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு ரயிலும் தாமதம். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பிளேன்ல வாரேன்னு சொன்னியேக்கா" என்று தங்கை இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு பாஸ் என்ற சொல்லே எங்கள் வீட்டில் காதில் விழவில்லை.

எண்பதுகளின் பின்பாதியில் ஒருநாள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். இத்தனை வருஷம் சர்வீஸ் முடித்தவர்கள் விருப்பப்பட்டால் முன்கூட்டியே ஓய்வு பெறலாம், மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும், இன்ன தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றிலிருந்து கேண்டீனில் வேறு பேச்சே இல்லை. போகிறவன் புத்திசாலியா, இருக்கிறவன் புத்திசாலியா என்று வடை ஆறிப்போகும்வரை அடித்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுப்பேன் என்று மேஜையைத் தட்டியவர்கள் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எனக்கு ஒரு ஆசை இருந்தது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு அறை பிடித்து டிக்கெட் போடும் கடை வைக்க வேண்டும். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிற பையன்கள் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்துகொண்டிருந்த காலம். எவனோ போட்டுக் கொடுத்த தப்பான டிக்கெட்டோடு கவுண்டரில் வந்து நிற்பார்கள். பம்பாயில் இறங்குவதற்கு முன்பே அடுத்த விமானம் கிளம்பிவிடும் டிக்கெட். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை ஒழுங்காகச் செய்ய ஊரில் ஒருத்தனுக்குமா தெரியாது என்று தோன்றும்.

ஆனால் பயம். சட்டையில் கம்பெனி சின்னம் இருக்கும்வரை நான் 'பிளேன்காரர்'. கழற்றி வைத்துவிட்டால் யார்? கடை ஓடாவிட்டால்?

ஆனையூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார். பாடம் நடத்தாமல் எழுந்து போகமாட்டார்.

"மாப்ள, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக. மாசம் பொறந்தா சம்பளம் வருது. அத விட்டுட்டு, பஸ் ஸ்டாண்டுல போயி நின்னு 'வாங்க, வாங்க'ன்னு ஆள் கூப்புடப் போறீகளா?"

"நான் ஏன் மச்சான் கூப்புடணும்? எனக்குத் தெரிஞ்ச வேலைக்கு அவனா வருவான்."

"அம்புட்டுத் தெரிஞ்சவரு உள்ளயே இருந்து பெரிய ஆளா ஆகவேண்டியதுதான?"

எனக்குச் சுள்ளென்றது. என்றாலும் அவர் சொன்னதில் பாதி என் வயிற்றில் இருந்த பயம்தான். அன்று எழுதிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. சாயங்காலம் வேண்டாம் என்றிருந்தது. இப்படியே நாட்கள் ஓடின. கேட்டவர்களுக்கெல்லாம் நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான்: "எழுதிக் குடுத்துட்டா பாஸ் போயிரும்ல. பாவம், அவ இன்னும் பிளேன் ஏறல."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எனக்கே பிடித்துப்போன பதில் அது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் அதைத் தெரியாத்தனமாக அவளிடமே சொல்லிவிட்டேன். அவள் மாவரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்காகவா யோசிக்கிறீக?"

"பின்ன?"

"மூணு தடவ பட்டுச் சீலையக் கட்டி அவுத்தேனே, அந்தப் பாஸுக்காகவா? அடுத்தவன் வராமப் போகணும்னு சாமியக் கும்புட்டுக்கிட்டு அந்தப் பெஞ்சுல உக்காந்துருந்தேனே, அதுக்காகவா? எனக்கு அந்தப் பாஸே வேணாம். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. என் தலையில வைக்காதீக."

அவள் மறுபடியும் குழவியைப் பிடித்தாள்.

"கடையப் போடுங்க. நம்ம மொத பிளேன் டிக்கெட்ட அங்க எழுதுங்க. காசு குடுத்து. ஓசியில இல்ல."

மறுநாள் எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தபோது எவனுக்கும் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு வந்தது. விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. அடித்தேன்.

கடை முதல் சில மாதங்கள் ஈயோட்டியது. பக்கத்து லாட்ஜில் தங்கிய ஒரு பையனுக்கு யாரோ போட்டுக் கொடுத்திருந்த கோளாறான டிக்கெட்டைத் திருத்திக் கொடுத்தேன். அவன் மஸ்கட் போய்ச் சேர்ந்து ஊருக்கு எழுத, அவன் ஊரே பஸ் ஏறி வந்துவிட்டது. ஆனையூர் மச்சான்கூடத் தன் ஹெட்மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நம்ம மாப்ள கடைதான்" என்று அவர் சொன்னதை நான் காது குளிரக் கேட்டேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து தகவல் வந்தது. கல்யாணத்தைத் தவறவிட்டோமே, அதே பெண்ணுக்கு வளைகாப்பு. கடையில் உட்கார்ந்து முழுக் கட்டணத்தில் இரண்டு டிக்கெட் எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் பின்னும் அமைந்ததில்லை.

"இந்தத் தடவ யாருகிட்டயும் சொல்ல வேணாம்" என்றேன்.

"ஏன்? நான்தான் சொல்லப் போறேன்" என்று அவள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம், "நாளைக்கு மொட்ட மாடியில ஏறி நில்லுங்க, மேல போவோம்" என்றாள்.

விமான நிலையத்தில் கூட்டம். என் பழைய கவுண்டரில் நான் வேலை பழக்கிய தம்பி இருந்தான். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கண்ணே, வாங்கண்ணி. செத்த உக்காருங்க, இன்னைக்கு ஃபுல்லா இருக்கு, பாத்துச் சொல்றேன்" என்றான். நாங்களும் தலையாட்டிவிட்டு நேராகப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மின்விசிறி அதே சத்தத்தோடு சுற்றியது. பயணிகள் ஒவ்வொருவராகப் பெட்டியை எடை போட்டு உள்ளே போனார்கள். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யார் யார் வருகிறார்கள் என்று வழக்கம்போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

கவுண்டர் மூடும் நேரம். தம்பி ஓட்டமாக வந்து குனிந்து ரகசியம் சொன்னான்.

"அண்ணே, அண்ணிக்கு இன்னைக்கு யோகம். டிக்கெட் வாங்குன ரெண்டு பேரு இன்னும் வரல. மைக்குல ஒரு தடவ கூப்புட்டுப் பாத்துட்டு, உங்களுக்கே போட்டுர்றேன்."

அவள் முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ உறைத்தமாதிரி என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நாம எதுக்கு இங்க உக்காந்துருக்கோம்?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பாஸ் காலத்துப் பழக்கம் எங்கள் இருவர் காலையும் பிடித்து இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. அந்தத் தம்பிக்கோ நான் என்றைக்கும் 'அண்ணே'; எனக்குப் பாஸ் போன நினைப்பே அவனுக்கு இல்லை. மெட்ராஸ் ஆபீஸிலிருந்து வரும் பயணிகள் பட்டியலில் இருந்த என் பெயர் மதுரையில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. அது நான்தான் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

அவள் எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். கைப்பையைத் திறந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"மைக்குல கூப்புட வேணாம் தம்பி. அந்த ரெண்டு பேரும் நாங்கதான்."

அவன் டிக்கெட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டு எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கவுண்டருக்கு நிமிர்ந்து நடந்தாள்.

விமானம் கிளம்பி மேற்கே ஒரு சுற்று வளைந்தது. கீழே வைகையின் மணல் தெரிந்தது. ஜன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, "நம்ம தெரு எதுங்க?" என்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"பரவால்ல. அவுகளுக்கு நம்மளத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மொத்த ஊரையும் பார்த்துக் கையை ஆட்டினாள்.