சாணிப் பிள்ளையார் உட்கார்ந்த இடம்

பெண்ணியல் முதுகலை படித்த எங்களை, இரண்டாம் ஆண்டு மார்கழியில் ஆளுக்கோர் ஊராகக் களப்பணிக்கு அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது தாமிரபரணி வாய்க்காலை ஒட்டிய ஓர் ஊர். திருநெல்வேலி டவுனில், திருகினால் குழாயில் தண்ணீர் கொட்டும் வீட்டில் வளர்ந்தவள் நான். பெண்களையும் குடிநீரையும் பற்றி இருபது பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அதுவரை ஒரு குடத்தை இடுப்பில் வைத்ததில்லை.

முதல் வேலை ஊர் வரைபடம். நேரே பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய், அங்கே இருந்த அண்ணாச்சிமார் சொல்லச் சொல்ல வரைந்தேன். கோயில், டீக்கடை, நூலகம், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் வந்துவிட்டன. பெருமை தாங்காமல் அதை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் காட்டினேன். அவர்களில் மூத்தவள் சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"எம்மா, இதுல நாங்க எங்கன இருக்கோம்?"

வாய்க்கால் கடைசியில் இருந்த அவர்கள் தெருவே படத்தில் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரையும் பதிவெண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி அந்த மாவட்டத்திலேயே கிடையாது.

மறுநாளிலிருந்து அவர்களோடு தண்ணீருக்குப் போனேன். களைக்குப் போகும் முன் ஊரைக் கடந்து கிணற்றுக்கு மூன்று நடை. என் குடத்தில் பாதித் தண்ணீர் என் சேலைக்குத்தான் போனது. அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஊருக்கு ஓர் அடிபம்பு வரப்போகிறது. அதை டீக்கடைப் பக்கத்தில் போடுவதென்று ஆண்கள் முடிவு செய்திருந்தார்கள். இடம் குறிக்க வரும் வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வருகிறார். அன்று விட்டால் இந்தத் தெருவுக்கு ஆயுசுக்கும் நடைதான்.

"உங்க படத்தை நீங்களே வரையுங்கக்கா" என்று தாளையும் பேனாவையும் நீட்டினேன். யாரும் தொடவில்லை.

"பேனா எங்களுக்கு ஆவாதும்மா. கோலப்பொடி குடு, ஊரையே இழுத்துருதோம்" என்றாள் மூத்தவள்.

வெள்ளிக்கிழமை ஒருத்தியும் களைக்குப் போகவில்லை. விடிந்ததும் பஞ்சாயத்து அலுவலக வாசலை அடைத்து ஊரைக் கோலமாகப் போட்டார்கள். தெருக்கள் வெள்ளை. தண்ணீருக்கு நடக்கும் வழி மட்டும் செம்மண். அந்தச் சிவப்புக் கோடு ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடியது.

ஜீப் வந்தது. "வழியை அடைச்சு என்ன விளையாட்டு?" என்று பஞ்சாயத்துத் தலைவர் கோலத்தைத் தாண்டக் காலை எடுத்தார். மூத்தவள் பைய முன்னால் வந்தாள். கோலத்தில் அவர்கள் தெரு முனையில் ஒரு சாணிப் பிள்ளையாரை வைத்து, தலையில் பூசணிப்பூவைச் செருகினாள். எடுத்த கால் அப்படியே பின்வாங்கியது.

உள்ளே போக வழியில்லை. எல்லோரும் சுற்றி நின்று படத்தைப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

"இந்தச் சிவப்புக் கோடு என்ன?" என்றார் இன்ஜினியர்.

"நாங்க தெனமும் நடக்குத வழி சார்."

அவர் கோட்டைக் கண்ணாலேயே முழுதும் நடந்து பார்த்தார். "ரெண்டு இடத்துலயும் தண்ணி இருக்கு. பிள்ளையார் இருக்குற இடத்துல போட்டுரலாமா? இல்ல, டீக்கடைதான்னா பிள்ளையாரை எடுத்து அங்க வைங்க."

தலைவர் கூட்டத்தில் நின்ற டீக்கடைக்காரரைப் பார்த்தார். "நீரு எடும் வே."

"நானா? மார்கழி மாசம் அண்ணாச்சி! கை வெளங்குமா?"

ஒருவரும் குனியவில்லை. தலைவரே கடைசியில் சிரித்துவிட்டார். "சரி சார், பிள்ளையாரே எடம் பிடிச்சுட்டாரு. அங்கனயே போடுங்க."

பெண்கள் போட்ட குலவையில் ஜீப் டிரைவர் பயந்து இறங்கிவிட்டார். நான் அழுதேன், வெட்கமில்லாமல்.

தை பிறந்து தண்ணீர் வந்த அன்று, "நீ அடிட்டி மொதல்ல" என்று மூத்தவள் கைப்பிடியை என்னிடம் தந்தாள். அதுவரை 'எம்மா' என்றே கூப்பிட்டவள், அன்று வீட்டுப் பிள்ளையைப்போல 'ட்டி' போட்டாள். நானும் பலங்கொண்ட மட்டும் அடித்தேன்.

ஊர்ப் படத்தைப் புதிதாக வரைந்தேன். அவர்கள் தெரு, பம்பு, ஒவ்வொரு வீடு என்று தாள் விளிம்புவரை நிறைந்துவிட்டது. என் பெயருக்கு இடமே இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்.