சிவப்பு டை போட்ட பை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். நான் கரண்டு வேலை பார்க்கிறவன். பேய், பிசாசு என்றாலே எனக்குச் சிரிப்புதான் வரும். அந்த ராத்திரி வரைக்கும்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. ஊர்க் குப்பை முழுக்க அங்கேதான். ஒருத்தன் கொட்டுவான், இன்னொருத்தன் கொளுத்துவான், அந்தப் புகையில் என் ஐந்து வயது மகள் விடிய விடிய இருமுவாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தெருக்காரர்கள் முறை வைத்துக் காவல் இருக்க ஆரம்பித்தோம். கிடக்கிற பையைப் பிரிப்போம். உள்ளே பில்லோ மருந்துச் சீட்டோ இருந்தால் விலாசம் கிடைத்துவிடும். குப்பை அவர்கள் வீட்டு கேட்டிலேயே தொங்கும். வயர்களைக் கட்டுகிற சிவப்பு கேபிள் டையால் பை வாயைக் கட்டுவது என் வேலை. ஒருதரம் இழுத்துவிட்டால் வெட்டித்தான் எடுக்கணும்.

அன்று சாயங்காலம் ஒரு பை கிடந்தது. நான் தனியாகத்தான் பிரித்தேன். பழைய புடவைகள், மாத்திரை அட்டைகள், ஒரு மூக்குக் கண்ணாடி. கூடவே ஒரு மருந்துச் சீட்டு, அதில் பதினாலாம் நம்பர் வீடு. எரிச்சலோடு கட்டி, கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.

ராத்திரிக் காவலுக்கு என் ஜோடி தையல்காரர். பன்னிரண்டுக்கே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார், புண்ணியவான்.

சரியாக 2.10. சரசரவென்று பிளாஸ்டிக் சத்தம்...

டார்ச் அடித்தேன். மனை நடுவில் ஒரு வயதான அம்மா. மடியில் அதே பை. அதே சிவப்பு டை.

"ஏம்மா, மறுபடியும் இங்கயே கொண்டாந்துட்டீங்களா?"

"பிரிக்க வரல... நீ கட்டினதுதான? வெட்டி விடுப்பா."

பாவமாக இருந்தது. கட்டரால் வெட்டி, துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மனையைச் சுற்றிப் பார்த்தார்.

வீட்டுக்குள் மகள் இருமினாள்.

"இனிமே யாரு கொட்டறாங்கன்னு நல்லாத் தெரியும்."

டார்ச் அணைந்தது. தட்டினேன்... எரிந்தது.

யாருமில்லை.

பையும் இல்லை.

விடிந்ததும் பதினாலாம் நம்பருக்கு ஓடினேன். கேட்டில் பை அப்படியே தொங்கியது. டையில் ஒரு வெட்டு இல்லை. ஆனால் வெட்டின துண்டு என் சட்டைப் பையில் இருந்தது.

அந்த வீட்டுக்காரன் வெளியே வந்தான். "அம்மா போய்ச் சேர்ந்து பதினோரு நாளாச்சுங்க. அவங்க சாமான்தான்... வெச்சுக்க எடமில்ல."

தலையைக் குனிந்தபடி அவனே டையை வெட்டினான். புடவை இருந்தது. மாத்திரை இருந்தது. கண்ணாடி இல்லை. வீட்டில்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு மனையில் ஒரு காகிதம் விழவில்லை. மகள் இருமாமல் தூங்கினாள்.

நாலாம் நாள் ராத்திரி, 2.25. கதவு படபடவென்று தட்டப்பட்டது. தையல்காரர். முகத்தில் ரத்தமே இல்லை. கையில் வெட்டுத்துணி மூட்டை.

"நானும் கொட்டினவன்தான், மன்னிச்சிரு. ஆனா அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவ எதுக்குய்யா அங்க உக்கார வெச்ச? என் வீட்டு நம்பரச் சொல்லுது... மூட்டய அங்கயே போட்டுட்டு வீட்டுக்கு ஓடினேன். நான் போறதுக்கு முன்னாலயே மூட்ட என் கேட்ல தொங்குது! கழட்டி எடுத்தாந்துட்டேன்."

கண்ணாடியைப் பற்றி நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மூட்டையின் வாயைப் பார்த்தேன்.

சிவப்பு டை.

நான் கட்டியது அல்ல.