நாகஜோதி அக்காவின் இரண்டாவது ஊசி

நாகஜோதி அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவருடைய முகம் ஒரு வெள்ளை வலைக்குள் இருந்தது. நான் வேலை பார்க்கும் மதுரைப் புற்றுநோய் மருத்துவமனையில், தலைக்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டியவர்களுக்கு முதலில் முகமூடி செய்வார்கள். சுடுதண்ணீரில் போட்டு எடுத்த பிளாஸ்டிக் தகட்டை முகத்தின்மேல் விரித்து அழுத்தினால் மூக்கு, தாடையெல்லாம் அப்படியே பதிந்து இறுகிவிடும். அதை மேசையோடு சேர்த்து மாட்டிவிட்டால் தலை இம்மியும் நகராது. கதிர் குறி தவறாமல் விழ அது வேண்டும். உள்ளே கிடப்பவருக்கு அது எப்படியிருக்கும் என்பதை அன்று அக்காவின் கால்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விரல்கள் மடங்குவதும் விரிவதுமாகவே இருந்தன.

வெளியே அவருடைய கணவர் சின்னச்சாமி, செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். மழை பெய்தால்கூட வீட்டில் கதவைச் சாத்த விடமாட்டாள், மூச்சு முட்டுகிறது என்பாள், அவளைப் போய் இப்படிப் பூட்டி வைத்திருக்கிறீர்களே என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

முகமூடியைக் கழற்றியதும் அக்கா கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தம்பிக்கு எந்தூரு?"

"நரிக்குடிப் பக்கம்க்கா."

"அப்ப நம்ம பக்கத்து ஆளுதான். இதை மாட்டிவிட்டுட்டு டீ குடிக்கப் போயிர மாட்டீகள்ல?"

அவர் பிறந்தது மல்லாங்கிணறுக்குப் பக்கம். வாக்கப்பட்டது பரளச்சியைத் தாண்டி உள்ளே கிடக்கும் ஒரு கிராமம். மானாவாரிக் காட்டில் மக்காச்சோளமும் மிளகாயும் போடுகிற குடும்பம். சின்னச்சாமியும் அவர் தம்பி மருதுபாண்டியும் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்துக் குடியிருக்கிறார்கள். அக்காவின் ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மூன்று வருடங்களுக்கு முன் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து, எடுத்து, மருந்தும் ஏற்றி, முடியெல்லாம் கொட்டி மறுபடி முளைத்தது. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தபோது, மிளகாய்ப் பழம் பறிக்கிற இடத்தில் இடது கை இழுத்து மயங்கி விழுந்தார். ஸ்கேனில் மூளைக்குள் மூன்று புள்ளிகள் தெரிந்தன. மார்பிலிருந்து கிளம்பிப் போனவை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியல் படித்துவிட்டு, மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு நானோ துகள் ஊசியும் போட்டால் கூடுதலாகக் கேட்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. அதில் சேருகிறவர்களுக்கு விளக்குவதும், தேதி தவறாமல் வரவைப்பதும் என் பொறுப்பு. படித்ததை எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்ல எனக்கு வரும். அதில் எனக்குப் பெருமைதான்.

அக்காவுக்கு இப்படிச் சொன்னேன். வெயில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது, ஆனால் உச்சி மத்தியானம் தகரத்துப் பக்கத்தில் நிற்க முடிகிறதா? கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்களை ரத்தத்தில் ஏற்றுகிறோம். கட்டியில் ஓடும் ரத்தக்குழாய்கள் ஒழுகல் குழாய்கள். அந்த வழியாகத் துகள்கள் கசிந்து கட்டிக்குள் தங்கும். கதிர் வந்து அவற்றில் பட்டதும் அங்கேயே சிதறி, கட்டியை மட்டும் கூடுதலாகச் சுடும். மிச்சம் சிறுநீரோடு போய்விடும்.

"அப்ப என் தலைக்குள்ள தகரக் கொட்டகை போடப் போறீக," என்றார் அக்கா. சின்னச்சாமி சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

முதல் ஊசி நல்லபடியாக ஏறியது. அந்த வாரம் முழுக்கத் தினமும் முகமூடிக்குள் படுத்தெழுந்தார். இரண்டாவது ஊசி அடுத்த செவ்வாய்க்கிழமை. அது தள்ளிப்போகக் கூடாது. போனால் ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிட்டு வெறும் கதிர்வீச்சு மட்டுமே கொடுப்போம். இதையும் சொல்லித்தான் சனிக்கிழமை ஊருக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை அக்கா வரவில்லை. போன்தான் வந்தது. பங்குனிப் பொங்கலுக்காக ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். அக்காவும் கட்டிக்கொண்டுவிட்டார். மார்புக் கட்டி குணமானால் அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்து, போன வருடம் எடுக்காமல் விட்டது அவர் மனதில் கிடந்தது. சட்டி எடுப்பவர் காப்புக் கட்டித்தான் ஆக வேண்டும். அவர் பிறந்த ஊரில் காப்புக் கட்டியவர்கள் பகலில் எங்கே போனாலும் பொழுது சாய எல்லைக்குள் வந்துவிட்டால் போதும். அதே கணக்கில், காலையில் மதுரைக்குப் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று மணிக்கட்டை நீட்டிவிட்டார். வாக்கப்பட்ட ஊரில் அப்படியில்லை. காப்பு கையில் ஏறிவிட்டால் பொங்கல் முடிகிறவரை, எட்டு நாளும், ஊர் எல்லையைத் தாண்டவே கூடாது. இத்தனை வருடத்தில் அவர் அங்கே ஒருமுறைகூடக் காப்புக் கட்டியதில்லை. விடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் மற்றவர்கள் சொல்லித் தெரிந்திருக்கிறது.

எங்கள் மருத்துவர் தீபலட்சுமியிடம், நேரில் போய்க் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் வற்புறுத்தக் கூடாது, ஆராய்ச்சியில் இருப்பதும் விலகுவதும் அவர் விருப்பம், உள்ளதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

அன்று மத்தியானமே போனேன். ஊர் முகப்பில் சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. வெளியூர்க்காரனான நான் அதன் கீழ் போகலாம், வரலாம். அக்கா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சள் கயிறு.

பூசாரியிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். காப்பை அவிழ்த்துவிட்டுப் போகலாம், தடுக்க மாட்டேன், ஆனால் பாதியில் அவிழ்த்தால் அந்த வீட்டில் இளசாக எது இருக்கிறதோ அதைத்தான் முதலில் தொடும் என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டில் இளசாக இருந்தது மருதுபாண்டியின் மனைவி தங்கச்செல்வி வயிற்றில் இருந்த பிள்ளை. அவருக்கு நிறைமாதம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துத் தங்கிய கரு.

மருதுபாண்டி சண்டை போடவில்லை. "மதினி உசுருக்கு நான் குறுக்க நிக்கல தம்பி," என்று தலையைக் குனிந்துகொண்டார். தங்கச்செல்வி, நீங்க போங்கக்கா, நான் பார்த்துக்கிறேன் என்றார். சொல்லும்போது அவருடைய இரண்டு கையும் வயிற்றைப் பிடித்திருந்தன. சின்னச்சாமி யார் முகத்தையும் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். நாளை வராவிட்டால் இந்த ஊசி பிறகு கிடையாது. கதிர்வீச்சுக்கும் இத்தனை நாள் இடைவெளி விழுவது நல்லதல்ல. அக்கா முழுதும் கேட்டார்.

"ஊசி போட்டா நான் பொழைச்சிருவேன்னு சொல்லுவீகளா?"

"சொல்ல முடியாதுக்கா. அது தெரியாமத்தான் ஆராய்ச்சியே நடக்குது."

"போடாட்டி செத்துருவேனா?"

"அதுவும் சொல்ல முடியாது."

கயிற்றை மணிக்கட்டில் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அம்மனும் அப்படித்தான் தம்பி, ஒண்ணும் சொல்ல மாட்டா. உங்க ஊசி பொய்யாப் போனா என் தலையோட போகும். இந்தக் காப்பு நெசமாப் போச்சுன்னா தங்கச்செல்வி வயித்துல போகும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, காப்பு அவுத்ததாலதான்னு இவுக சொல்லாட்டியும் நானே நெனப்பேன். அதுக்கப்புறம் பொழைச்சுக் கெடந்து என்ன செய்ய?"

"பிள்ளைக்கும் காப்புக்கும் சம்பந்தம் இல்லக்கா."

"உங்களுக்கு இல்ல. நான் இந்த வீட்டுலதான படுத்து எந்திரிக்கணும்."

பிழைத்துவிடுவீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கயிறு அவிழ்ந்திருக்கும். மருதுபாண்டியே அவிழ்த்திருப்பார். அந்த வார்த்தை என் நாக்கு வரை வந்தது. அது உண்மையா என்று எனக்கே தெரியாது. வலிப்பு மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரியென்றார். தோரணத்தைத் தாண்டி பஸ் நிறுத்தம் வரை நான் தனியாக நடந்தேன். அக்கா எல்லைக்கு உள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அந்த ஊசி போடப்படவில்லை. பொங்கலன்று அக்கா அக்கினிச்சட்டி எடுத்தார். வழியில் வலிப்பு வந்துவிடுமோ என்று சின்னச்சாமி அவருடைய முழங்கையைப் பிடித்தபடியே கோயில் வரை நடந்ததாகப் பிறகு சொன்னார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்கு வந்துவிட்டார். மீதமிருந்த கதிர்வீச்சை அதே முகமூடிக்குள் படுத்து முடித்தார். ஒருநாள்கூட ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை.

அந்தப் பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம் தங்கச்செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது.

நாகஜோதி அக்கா இப்போது ஊரில்தான் இருக்கிறார். கடைசியாக எடுத்த ஸ்கேனில் மூன்று புள்ளிகளில் இரண்டு சுருங்கியிருந்தன, ஒன்று சற்றுப் பெரிதாகியிருந்தது. இரண்டாவது ஊசி போட்டிருந்தால் அதுவும் சுருங்கியிருக்குமா என்று தீபலட்சுமி டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இடது கையில் பலம் குறைந்துவிட்டது. வலிப்புக்குப் பயந்து அடுப்புப் பக்கமும் கிணற்றுப் பக்கமும் அவரை விடுவதில்லை. காட்டுக்கும் கூட்டிப் போவதில்லை. தங்கச்செல்வி காட்டுக்குப் போகும் நேரத்தில் அக்காதான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். அடுத்த ஸ்கேன் ஆவணியில்.